மூன்றாம் இடத்துக்கு ஒரு வேன்

பெற்றோல் இல்லாமல் போன வருடம் கொழும்பில் நிறையப் பேர் சைக்கிள் வாங்கினார்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் அவர்களில் புத்தியுள்ளவர்கள் அதை விற்றுவிட்டார்கள். மிச்சப் பேர் பந்தய வீரர்கள் ஆனோம்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நான்காம் மாடியில் வீடு. புதுக்கடையில் நீதிமன்றங்களுக்கு எதிரே ஒரு மாடிப்படியின் கீழ் அலுவலகம். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன் என்று வாசலில் மூன்று மொழியிலும் பலகை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்து மனு என்று எது வந்தாலும் அதை வேறு மொழிக்கு மாற்றி, மூலத்துக்குச் சரியானது என்று முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பதுதான் தொழில். நாள் முழுக்கக் கதிரையில் இருந்ததில் எனக்கு ஒரு வயிறும் விழுந்திருந்தது.

முதல் சில மாதங்கள் வேலைக்குப் போகத்தான் சைக்கிள் ஓடினேன். காலி வீதியில் வாகனமே இல்லாத நாட்கள் அவை. பிறகு ஒரு நாள் மரைன் டிரைவில், எனக்குப் பின்னால் வந்த பத்துப் பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சளும் கறுப்புமான இறுக்கமான சட்டை. கடைசியாகப் போனவர் திரும்பிப் பார்த்து, "ஐசே, பின்னால தொத்திக்கொண்டு வாரும்!" என்றார். நானும் தொத்திக்கொண்டேன். என் கெட்ட காலம் அந்த ஒரு சொல்லில் தொடங்கியது.

அவர் ஒரு பல் வைத்தியர், எல்லாரையும் ஐசே என்றுதான் கூப்பிடுவார். கழகத்தின் கப்டனும் அவர்தான். யார் தெரிவு செய்தது என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. சட்டை தைக்கக் கொடுத்தவர் அவர், ஆகவே கப்டன். மற்றவர்களில் வங்கி மனேஜர்கள் இருந்தார்கள், கண்ணாடி யன்னல் விற்பவர் ஒருவர் இருந்தார், கனடாவிலிருந்து திரும்பிவந்து இன்னும் கனடாவைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார். ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கூடுவோம். பத்தரமுல்லைப் பக்கம் பாராளுமன்ற வீதியில் நான்கு சுற்று. திரும்பும்போது நுகேகொடையில் ஒரு கடையில் கோப்பி.

கோப்பிக்கடையில்தான் உண்மையான பந்தயம். யாருடைய சில்லு எத்தனை கிராம், யாருடைய இதயம் நிமிடத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது, யாருடைய தொலைபேசி எத்தனை கிலோமீற்றர் காட்டுகிறது. கப்டன் தன் சைக்கிளின் தண்ணீர்ப் போத்தல் தாங்கியில் இருந்த இரும்பு ஆணிகளைக் கழற்றிவிட்டு அலுமினிய ஆணி போட்டிருந்தார். "பதினொரு கிராம் மிச்சம், ஐசே," என்று சொல்லிக்கொண்டே மீன் வைத்த மாலு பாணில் மூன்றாவதை எடுத்துக் கடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நானும்தான். அடுத்த கிழமை நானும் ஆணி மாற்றினேன்.

காலில் மயிர் இருந்தால் காற்றுப் பிடிக்கும் என்று சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை குளியலறையில் ஒரு மணித்தியாலம் இருந்து வழித்தேன். வெளியே வந்த என்னை என் மனைவி மேலிருந்து கீழாகப் பார்த்தா. அவ ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவ.

"உங்கட வண்டியில பதினெட்டுக் கிலோ கூடவா இருக்கு," என்றா. "அதை விட்டிட்டு மயிரை வழிச்சனீங்களோ?"

"வண்டியே மொத்தம் ஏழரைக் கிலோதான்."

"நான் சைக்கிளைச் சொல்லேல்லை." எங்கள் பேச்சில் வயிற்றுக்கும் வண்டி என்றுதான் பெயர்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு ஒரே வகையில்தான் நடந்தது. "உந்தச் சட்டையோட லிஃப்டில இறங்காதேங்கோ, மூண்டாம் மாடி அன்ரி பயப்பிடுவா." நான் படியால் இறங்கிப் போவேன்.

எல்லாமே வெட்கக்கேடு என்று சொல்ல மாட்டேன். ஒரு காலை, பம்பலப்பிட்டியிலிருந்து வீட்டுப் பக்கம் திரும்பும்போது, கடலோரத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று எங்களோடு சமமாக ஓடியது. கதவில் தொங்கியவர்கள் விசிலடித்தார்கள். நாங்கள் எல்லாரும் குனிந்து மிதித்தோம். வெள்ளவத்தை ஸ்டேஷன் வரைக்கும் ரயில் எங்களைத் தாண்டவில்லை. ரயில் நிற்பதற்காக வேகம் குறைத்திருந்தது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று முழுக்க ஒரு காணி உறுதியிலும் எழுத்துப்பிழை விடவில்லை.

முதல் பந்தயம் கொழும்புக்குத் தெற்கே ஒரு சிறு நகரத்தில். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பிரிவு. விசில் ஊதியதும் எல்லாரும் போய்விட்டார்கள். ரயில் கடவை வரைக்கும் அவர்களுடைய முதுகு தெரிந்தது. கடவை தாண்டிய பிறகு முதுகும் இல்லை. எனக்குப் பின்னால் ஓர் அம்புலன்ஸ் மட்டும் ஊர்ந்து வந்தது. பத்து நிமிடம் அப்படியே போனோம். கடைசியில் சாரதி பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மிகுந்த மரியாதையோடு சிங்களத்தில் கேட்டார்: "மாத்தயா, இன்னும் போகிற எண்ணமா? எங்களுக்குச் சாப்பாட்டு நேரம்."

ஏறிக்கொண்டேன். எனக்குப் படுக்கை காட்டினார்கள். இருந்தபடியே வருகிறேன் என்றேன். முடிவுக் கோட்டில் கப்டன் தோளில் தட்டி, "காத்து, ஐசே, காத்து," என்றார். அன்றைக்குக் காற்றே இல்லை.

இதற்குப் பிறகு விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சட்டையைப் போட்டவனுக்கு அம்புலன்ஸ் போதாது. இன்னும் ஆறு மாதம் பழகினேன். சோற்றைக் குறைத்தேன். வயிறு பாதியாகியது. பாராளுமன்ற வீதியில் கப்டனோடு சமமாக ஓடக்கூடியவனாக ஆனேன். அது பெரிய விஷயம் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் ஊராகச் சைக்கிள் ஓட்டம் வைப்பார்கள். நீர்கொழும்புக்கு அப்பால், தென்னந்தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஊரில் வைத்த ஓட்டத்துக்கு எங்கள் கழகம் பெயர் கொடுத்தது. ஊரைச் சுற்றி நான்கு சுற்று, ஒரு சுற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர். கப்டன் தன் வெள்ளை வேனில் சாரதியோடு வந்திறங்கினார். வேனின் கூரையில் சைக்கிள், பின்கதவில் கூரைக்கு ஏறுவதற்கு ஓர் ஏணி, உள்ளே குளிர்ப்பெட்டி.

தொடக்கக் கோட்டில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றார். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயதிருக்கும். மெலிந்த கால், அகலமான மீசை, நிறம் போன பெனியன். சைக்கிள் பழைய இரும்புச் சட்டம். ஆனால் சங்கிலி பளிச்சென்று இருந்தது. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "கொழும்பா?" என்றார். கொட்டாஞ்சேனையில் சலூன் வைத்திருக்கிறாராம். முப்பது வருடமாக ஓடுகிறாராம்.

கப்டன் அவருடைய சைக்கிளைப் பார்த்தார். "உது எத்தினை கிலோ?"

"நிறுத்துப் பாக்கலீங்க. நா ஏறினா ஓடுது."

கப்டன் என் முதுகில் தட்டி, "இவர் எங்கட ஆள், கோட்ஸில எழுதிறவர். மூண்டு பாஷையும் தண்ணி," என்றார். எதற்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. தனக்குக் கீழே ஒரு படித்தவன் இருக்கிறான் என்று காட்டத்தான் போல.

ஓட்டம் தொடங்கியது. இரண்டு பேர் முதல் சுற்றிலேயே எல்லாரையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் பிறகு காணவில்லை. ஆகவே மூன்றாம் இடத்துக்குத்தான் போட்டி. சலூன்காரரும் இன்னும் நான்கு பேரும் ஒரு சிறு கூட்டமாக ஓடினார்கள். நானும் கப்டனும் இரண்டு சுற்று வரைக்கும் அந்தக் கூட்டத்தின் வாலில் இருந்தோம். மூன்றாவது சுற்றில் சலூன்காரர் எழுந்து நின்று இருபது மிதி மிதித்தார். அவ்வளவுதான். கயிறு அறுந்தது மாதிரி நாங்கள் இருவரும் பின்னால் நின்றுவிட்டோம்.

வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் தென்னை, ஆள் நடமாட்டம் இல்லாத தெரு. கூட்டம் முன்னால் நானூறு மீற்றரில் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்னால் ஹோர்ன் சத்தம். கப்டனின் வேன். சாரதி பக்கத்தில் கொண்டுவந்து மெதுவாக்கினான். கப்டன் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. இடது யன்னலின் விளிம்பைப் பிடித்தார்.

"ஐசே, பிடியும்! பின்னால ஏணி இருக்கு!"

பிடித்தேன்.

வேன் இழுத்துக்கொண்டு போனது. கால் ஓய்ந்தது, மூச்சு வந்தது, யன்னலால் குளிர்காற்றுக் கூட வந்தது என்று பிறகு கப்டன் சொன்னார். எனக்குப் புகை மட்டும் வந்தது. ஒரு வளைவில் முன்னால் போன கூட்டம் பக்கவாட்டில் தெரிந்தது. அதில் ஒரு தலை திரும்பிப் பார்த்தது. மீசை. நான் குனிந்து வேனின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த வளைவுக்கு முன் கையை விட்டோம். வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டு எல்லாரையும் தாண்டிப் போனது. ஐந்து நிமிடத்தில் கூட்டத்தின் வாலில் மறுபடியும் நாங்கள்.

நான்காவது சுற்று முழுக்க நாங்கள் முன்னால் போய் எதிர்காற்றை வாங்கவே இல்லை, மற்றவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியே வந்தோம். கடைசி முந்நூறு மீற்றரில் கப்டன் பாய்ந்தார். மூன்றாவது கப்டன். நான்காவது சலூன்காரர், அரைச் சில்லு வித்தியாசம். நான் ஏழாவது. என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சிறந்த இடம் அது.

முதல் மூன்று பேருக்குத்தான் கிண்ணம். மூன்றாவது கிண்ணத்தோடு ஒரு றைஸ் குக்கரும் சேர்த்து.

சலூன்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு நேரே நடுவரின் கூடாரத்துக்குப் போனார். நல்ல சிங்களத்தில், ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். நடுவர் ஒரு வயதான மனிதர், பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். முறைப்பாடு என்றால் எழுத்தில் வேண்டும், சிங்களத்தில் அல்லது இங்கிலிஷில், அரை மணித்தியாலத்துக்குள் வேண்டும் என்றார்.

சலூன்காரர் படித்தது தமிழில். சிங்களம் வாய்க்கு வரும், கைக்கு வராது. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டார்.

"தம்பி, நீங்க கோட்ஸில எழுதுறவர்தானே? ஒரு துண்டு எழுதித் தாங்க."

மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு மேசையில் இருந்தோம். அவர் சொன்னார், நான் எழுதினேன். "மூணாவது சுத்தில வெள்ளை வேன் ஒண்ணு வந்திச்சு. மூணாவதா வந்தவர் அதைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். பின்னால அதே சட்டை போட்ட இன்னொரு ஆளும் தொங்கினான்."

வேனைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பதற்குச் சிங்களத்தில் ஒரு சொல் இருக்கிறது. வேனில் கை பட்டது என்பதற்கு இன்னொன்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது இருபது வருடமாக என் சோறு. நான் இரண்டாவதை எழுதினேன். பின்னால் தொங்கிய ஆளை எழுதவே இல்லை. கீழே அவர் கையெழுத்து வைத்தார். தன் தொலைபேசியில் அதை ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

நடுவர், கத்தினது போதும் என்று சலூன்காரரைக் கூடாரத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு வாசித்தார். கப்டனைக் கூப்பிட்டார். கப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வேன் கிட்ட வந்தது, விழாமல் இருக்கக் கை பட்டது, அவ்வளவுதான் என்றார். முறைப்பாட்டில் இருந்ததும் அதுவே. நடுவர் என்னைப் பார்த்து, "இவர் சொன்னது இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"ஓம்," என்று சிங்களத்தில் சொன்னேன்.

முறைப்பாடு தள்ளுபடி. கப்டனுக்குக் கிண்ணம், படம், கைதட்டல். சலூன்காரர் நிலத்தில் துப்பிவிட்டுச் சைக்கிளைத் தூக்கினார். திரும்பும் வழியில் வேனுக்குள் கப்டன் றைஸ் குக்கரை மடியில் வைத்திருந்தார். அவருடைய வீட்டில் சமைப்பதற்கு இரண்டு பேர் வேலைக்கு இருக்கிறார்கள். "அந்தாள் என்ன கத்துக் கத்தினான். இதுகளுக்குத் தோற்கத் தெரியாது, ஐசே." நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. முத்திரை குத்தும்போதெல்லாம் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. மனைவியிடம் சொன்னேன். அவ கொப்பி திருத்திக்கொண்டிருந்தா. நிமிராமல், "ஏழாவது வரவோ இவ்வளவும்?" என்று கேட்டா. பிறகு அடுத்த கொப்பியை எடுத்தா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு கதிரைச் சலூன். உள்ளே சுவரில் அந்த இரும்புச் சைக்கிள் தொங்கியது. அவர் என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. "வாங்க, உக்காருங்க," என்று துணியை உதறினார். நான் முடி வெட்ட வரவில்லை என்று சொல்வதற்குள் துணி என் கழுத்தைச் சுற்றியிருந்தது.

முகத்தில் நுரை பூசினார். கத்தியை எடுத்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே இல்லை என்று, "அண்ணன், அண்டைக்கு நான் எழுதினது சரியில்லை," என்றேன்.

"தெரியும். அசையாதீங்க."

"எப்பிடி?"

"பக்கத்துக் கதிரைக்காரன் சிங்களம் வாசிப்பான். அன்னைக்குப் பின்னேரமே வாசிச்சுக் காட்டினான். கை பட்டிச்சாம்!" பக்கத்துக் கதிரையில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்குள் சிரித்தார். "கையெழுத்து மட்டும் முத்து மாதிரி இருந்திச்சு."

"பின்னால தொங்கினது நான்தான்."

"அதுவும் தெரியும். முதுகில நம்பர் போட்டுத்தானே ஓடுறோம்."

"அப்ப ஏன் என்னட்ட எழுதத் தந்தனீங்கள்?"

"வேற எவன் எழுதித் தருவான்? எல்லாம் நடுவரோட ஊர்க்காரங்க." கத்தி தாடைக்குக் கீழே வந்தது. "என்ன எழுதுவீங்கன்னு பாப்போம்ன்னும் நெனச்சேன். பாத்தாச்சு."

மன்னிப்புக் கேட்டேன். நான் நினைத்து வந்தது, அவர் திட்டுவார், அல்லது மன்னிப்பார் என்று. இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு சொன்னது வேறு.

"தம்பி, நானும் பிடிச்சிருக்கேன். இருபத்தஞ்சு வயசில, புத்தளம் ரோட்டில, உப்பு லொறி. ஒத்தக் கையால மூணு மைல். அன்னைக்கு நா ஃபர்ஸ்ட் வந்தேன். ஆனா நீங்க?" அவருக்கு இப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "ரெண்டு பேர், ஏசி வேன், டிரைவர். அவ்வளவையும் வச்சுக்கிட்டு மூணாவதும் ஏழாவதும்! சீ. என்னா ஓட்டம் அது."

பக்கத்துக் கதிரையில் நுரையோடு இருந்தவர் கூடச் சிரித்தார்.

"நான் இப்ப என்ன செய்யிறது?"

"கிருதா நேரா வேணுமா, சரிச்சு வேணுமா?"

வீட்டுக்கு வந்து மூன்று மொழியிலும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பிடித்துக்கொண்டு வந்தார், பிடித்துக்கொண்டு வந்தேன். ஓட்டத்தை வைத்தவர்களுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து ஒரு வரி வந்தது: புத்தாண்டு விழா முடிந்துவிட்டது, முடிவுகளில் மாற்றம் இல்லை, அடுத்த வருடமும் கலந்துகொள்ளவும். கப்டனுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அன்று பின்னேரம் கழகத்தின் வட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். கனடாக்காரர் மட்டும் தனியாக ஒரு செய்தி போட்டார்: கனடாவில் இப்படி நடக்காதாம்.

கழகமும் அதிக நாள் நிற்கவில்லை. கப்டனுக்கு முழங்கால் நொந்தது. இப்போது அவர் நீச்சல் கழகம் ஒன்றின் கப்டன் என்று கேள்வி. அங்கே வேன் கொண்டுபோக முடியாது, படகு வைத்திருப்பார்.

அடுத்த சித்திரைக்கு நான் தனியாகப் பெயர் கொடுத்தேன். வெள்ளைப் பெனியன் போட்டுக்கொண்டு சைக்கிளோடு பஸ்ஸில் நீர்கொழும்பு வரைக்கும் போய், அங்கிருந்து மிதித்துப் போனேன். சலூன்காரரும் வந்திருந்தார். என்னைக் கண்டு தலையாட்டினார், அவ்வளவுதான். எனக்காக ஓர் இடத்திலும் மெதுவாக்கவில்லை. இரண்டாம் சுற்றில் எல்லாரும் என்னை விட்டுப் போய்விட்டார்கள். மிச்ச இரண்டு சுற்றையும் தனியாக, வாய் காய்ந்து, தொடை இழுத்து, வழியில் சிறுவர்கள் "மாமா, சைக்கிளைத் தள்ளவா?" என்று சிங்களத்தில் கேட்கக் கேட்க மிதித்தேன்.

உண்மையாக ஓடினால் மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் லேசாகவில்லை. முப்பத்தொரு பேரில் இருபத்தெட்டாவதாக வந்தேன். நான் கோட்டைத் தாண்டியபோது கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நேரம் எழுதுகிறவர் கொப்பியை மூடிவிட்டார். என்னைப் பார்த்ததும் எரிச்சலோடு திறந்தார்.

சலூன்காரர் அந்தத் தரம் ஐந்தாவது. மர நிழலில் இருந்துகொண்டு, முன்னால் வந்த நான்கு பேரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் ஊசி போட்டவன், ஒருவன் வயதைக் குறைத்துச் சொன்னவன், ஒருவன் தோளால் இடித்தவன், நான்காமவன் பார்வைக்கே சரியில்லாதவன். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, எனக்கு முன்னால் இருபத்தேழாவதாக வந்தவனைப் பற்றி நானும் தொடங்கினேன்.